வேகத் தெய்வத்துக்குப் படையல்

நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள நகரம் இன்வர்கார்கில். அங்கு 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ பிறந்தார். உலகம் அவரைப் பர்ட் மன்ரோ என்று அறியும். பண்ணையில் வளர்ந்த அவர், 1920இல் ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் மோட்டார் சைக்கிளைப் புதிதாக வாங்கினார். பெயரைக் கண்டு அதனை நம் நாட்டு வண்டி என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவானது அது. அதன் எஞ்சின் 600 கன செ.மீ. கொள்ளளவு உடையது. மணிக்கு 89 கி.மீ. வேகமே அதன் எல்லை.

அன்றைய சாலைகளுக்கு அவ்வேகம் போதும், மன்ரோவுக்குப் போதவில்லை. 1926 முதல் அவ்வண்டியைத் தம் கையாலேயே மாற்றியமைக்கத் தொடங்கினார். பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனை. இரவில் இரும்போடு போராட்டம். பழைய தகரக் குவளைகளை அச்சாகக் கொண்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றிப் பிஸ்டன்களை வார்த்தார். பிஸ்டனின் இயக்கத்தைச் சுழல்தண்டுக்குக் கடத்தும் இணைப்புத் தண்டுகளை, டிராக்டரின் அச்சிலிருந்து வெட்டி அராவிச் செய்தார். மாணவர் திருகு அளவியால் செய்யும் நுண்ணிய அளவீட்டுக்கு அவரிடம் இருந்தது ஒரு பழைய ஆரக்கம்பியே. எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த வால்வுகளை மேற்புறத்துக்கு மாற்றி, எரிபொருட்கலவை தடையின்றி உட்செல்ல வழிசெய்தார்.

இத்தகைய முயற்சிகளில் வென்றவற்றைவிட உடைந்தவையே மிகுதி. வெடித்த பிஸ்டன்களையும் முறிந்த தண்டுகளையும் அவர் எறிந்துவிடவில்லை. வேகத் தெய்வத்துக்குப் படைத்த படையல்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டு, அடுக்குப் பலகையில் வரிசையாக வைத்தார். நகைச்சுவையாக எழுதிய பெயர்தான். ஆயினும் எது ஏன் உடைந்தது என்பதற்கு அதைவிடச் சிறந்த பதிவேடு வேறில்லை.

1940இல் அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 194 கி.மீ. வேகத்தில் ஓடி, நியூசிலாந்தின் சாலைச் சாதனையை நிறுவியது. வாழ்வின் மறுபக்கம் அத்துணைச் செழிப்பாக இல்லை. 1940களின் பிற்பகுதியில் மணவாழ்வு முறிந்தது. வேலையையும் விட்டார். வண்டி நிறுத்தும் கொட்டகையே வீடாயிற்று. அதனைப் பின்பற்றத்தக்க வாழ்க்கை என்று எவரும் கூறார். அவருடைய ஈடுபாட்டின் ஆழத்தை மட்டும் அது காட்டும்.

வேகம் மும்மடங்காகும்போது காற்றின் தடை ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. ஆகவே எஞ்சினின் ஆற்றலைப் பெருக்கினால் மட்டும் போதாது. காற்றைக் கிழித்துச் செல்லும் கூடு ஒன்றை வண்டிக்குப் பொருத்தி, அதனுள் குப்புறச் சாய்ந்து ஓட்டினார். அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நேர்பாதை அவர் நாட்டில் இல்லை. எனவே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள போனவில் உப்புச் சமவெளிக்குக் கடல்கடந்து வண்டியைக் கொண்டு சென்றார். 1962இல், தம் 63ஆம் அகவையில், 883 கன செ.மீ. பிரிவில் மணிக்கு 288 கி.மீ. வேகம் எட்டிச் சாதனை படைத்தார். நெஞ்சுவலி நோய் இருந்தும் மீண்டும் மீண்டும் அங்குச் சென்றார்.

1967இல் அவருக்கு அகவை 68, வண்டிக்கு 47. கொள்ளளவு 950 கன செ.மீ. ஆக வளர்ந்திருந்தது. காற்றின் உதவியோ தடையோ கணக்கைத் திரிக்காதிருக்க, எதிரெதிர்த் திசைகளில் ஓடிய இரு ஓட்டங்களின் சராசரியே சாதனையாகக் கொள்ளப்படும். 1000 கன செ.மீ. பிரிவில் அவருடைய வேகம் மணிக்கு 295.45 கி.மீ. என்று பதிவாயிற்று.

1977இல் பக்கவாதம் தாக்கியபின் வண்டியோட்டும் வலிமை குன்றியது. தம் வண்டிகள் ஊரைவிட்டு அகலக் கூடாது என விரும்பி, உள்ளூர் வணிகர் ஒருவருக்கே அவற்றை விற்றார். 1978 சனவரி 6ஆம் நாள் மறைந்தார்.

1967ஆம் ஆண்டின் சராசரியைக் கணக்கிட்டதில் பிழை இருந்ததைப் பிற்காலத்தில் அவருடைய மகன் கண்டறிந்தார். 2014இல், மன்ரோ மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின், சாதனை மணிக்கு 296.26 கி.மீ. எனத் திருத்தப்பட்டது.