அவையில் ஓரிடம் கேட்ட அம்மையார் – இராதாபாய் சுப்பராயன்

கொல்லிமலை என்றதும் தமிழ் கற்றோர் நெஞ்சில் தோன்றுவன இரண்டு. ஒன்று வல்வில் ஓரியின் கொடை, மற்றொன்று கொல்லிப்பாவை. காற்றும் மழையும் இடியும் தாக்கினும் வடிவு கெடாது நிற்கும் அப்பாவையைச் சங்கப் புலவர் பெண்ணழகுக்கு உவமை ஆக்கினர். பாவை அழகியது, ஆயினும் பேசாதது. அதே காலத்தில், தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று அவையில் பேசிய ஔவையாரும் வாழ்ந்தார். பின்வந்த நூற்றாண்டுகள் பாவையை நினைவில் வைத்த அளவுக்குத் தூது சென்ற ஔவையை நினைவில் வைக்கவில்லை. பெண்ணைப் போற்றும் பாட்டு பெருகிற்று. அவையில் அவளுக்கு இருக்கை கிட்டவில்லை.

அவ்விருக்கையைக் கேட்டுப் பெறுவதில் பங்கு கொண்ட ஒருவர் நமக்கு மிக அண்மையில் வாழ்ந்தவர். இன்றைய நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டிற்கு அருகிலுள்ள குமாரமங்கலத்தின் மருமகளாக வந்த இராதாபாய் சுப்பராயன் அவர். அவருடைய கணவரையும் மக்களையும் வரலாறு அறியும். அவரை அறிந்தோர் சிலரே. பெண்களின் அரசியல் உரிமை பற்றிய எந்த வரலாறும் அவரை விடுத்து நிறைவு பெறாது என்பதால், அவர்தம் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகிறேன்.

பிறப்பும் கல்வியும்

இராதாபாய் 1891ஆம் ஆண்டு மங்களூரில் பிறந்தார். அந்நாளில் தென்கன்னடம் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதி. தந்தையார் குத்முல் ரங்கராவ் வழக்கறிஞர். பிரம்ம சமாசக் கருத்துகளில் ஈடுபாடு கொண்டவர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியமைக்காகத் தம் சாதியினரின் வெறுப்பிற்கு ஆளானவர். ஊரார் ஒதுக்கினும் கொண்ட கொள்கையினின்று வழுவாத அவ்வுறுதியே இராதாபாய் தம் தந்தையிடமிருந்து பெற்ற செல்வம் எனலாம்.

சென்னை மாநிலக் கல்லூரியிலும், இங்கிலாந்தில் ஆக்சுபோர்டைச் சேர்ந்த சாமர்வில் கல்லூரியிலும் அவர் பயின்றார். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாக இருந்த காலத்தில் இஃது எளிய செயலன்று. 1912ஆம் ஆண்டு குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயனை மணந்தார். மணமகளோ கொங்கணி பேசும் சாரசுவதப் பார்ப்பனக் குடியினர். மணமகனோ கொங்கு வேளாளர். சாதியும் மொழியும் கடந்த அத்திருமணம் அந்நாளில் வியப்புக்குரியது. இவ்விணையருக்கு மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் பிறந்தனர். மூத்தவர் பி.பி. குமாரமங்கலம் 1966ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படைத் தளபதியானார். மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமையாளராகத் தொடங்கிப் பின்னர் நடுவண் அமைச்சரானார். மகள் பார்வதி கிருஷ்ணன் பற்றிப் பின்னர்க் காண்போம்.

வாக்குரிமை பிறந்த கதை

அம்மையாரின் பணியை உணரக் காலப் பின்னணியை உணர்தல் வேண்டும். 1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றிற்று. அதே ஆண்டின் இறுதியில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழுவொன்று, இந்தியா வந்த அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் கண்டு வாக்குரிமை கேட்டது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தானே வழங்காமல், அந்தந்த மாகாணச் சட்டமன்றத்தின் விருப்பத்திற்கு விட்டது. நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில், 1921இல், பிரித்தானிய இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. தமிழ்நாடு பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

ஆயினும் அவ்வுரிமை சொத்துடையோர்க்கே உரியது. வரி கட்டுவோர்க்கும் நிலம் உடையோர்க்குமே வாக்கு. தம் பெயரில் நிலமும் வீடும் இல்லாத பெண்டிர்க்கு அச்சட்டத்தால் பயன் விளையவில்லை. மலையில் தினையும் சாமையும் விதைத்துக் களைபறித்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்ணும், சமவெளியில் நாற்று நட்ட பெண்ணும் இவ்வகையில் ஒரே நிலையினர்.

சட்டமன்ற உறுப்பினராகும் உரிமை 1926இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில், இராதாபாய் பிறந்த மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய சிறிய வாக்கு வேறுபாட்டில் தோற்றார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமனத்தின் வழிச் சென்னைச் சட்டமன்றம் புகுந்து, 1927இல் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது மாகாண முதலமைச்சராக இருந்தவர் இராதாபாயின் கணவர் சுப்பராயன். ஆண்களின் வாக்கால் பெண் வெல்வது அரிது, உள்ளே நுழைந்துவிட்டால் அவள் திறம் விளங்கும் என்னும் உண்மைகளை இவ்விரு நிகழ்ச்சிகளும் அருகருகே காட்டின. இராதாபாய் பின்னர் மேற்கொண்ட நிலைப்பாட்டின் பொருத்தம் இவற்றால் விளங்கும்.

வட்டமேசையில் இருவர்

1930ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடிற்று. உப்பு அறப்போரை ஒட்டிக் காந்தியடிகளும் தொண்டர் பல்லாயிரவரும் சிறையிலிருந்த நேரம் அது. காங்கிரசு மாநாட்டைப் புறக்கணித்தது. காந்தியடிகள் சிறைப்பட்டமையைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றப் பதவியைத் துறந்திருந்தார். அத்தகைய சூழலில் அரசு நியமித்த பேராளருள் பெண்கள் இருவரே: பஞ்சாபைச் சேர்ந்த பேகம் ஜஹனாரா ஷா நவாஸ், சென்னை மாகாணத்து இராதாபாய் சுப்பராயன்.

அரசின் அழைப்பை ஏற்றமைக்காக அவர்கள் பழிக்கப்பட்டனர். பெண்கள் அமைப்புகள் அவர்களைத் தம் பேராளராகக் கருதவில்லை. அப்பழியில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும், நாட்டின் எதிர்கால ஆட்சிமுறை வகுக்கப்படும் மேசையில் பெண்குரல் அறவே ஒலிக்காதிருப்பதினும், நியமனம் பெற்றேனும் ஒலிப்பது மேல் என்று இராதாபாய் கருதினார் போலும்.

அங்கு அவர் வேண்டியவை இரண்டு. முதலாவது, பெண்கள் மேலும் பலர் வாக்குப் பெறும் வகையில் தகுதிகளைத் தளர்த்துதல். இரண்டாவது, சட்டமன்றங்களில் பெண்களுக்கென ஒரு சிறு பங்கு இடங்களைத் தற்காலிகமாக ஒதுக்குதல். வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பதே முடிவான இலக்கு. அது கைகூடும் வரையில் ஓர் ஊன்றுகோல் தேவை என்பது அவர்தம் கருத்து.

தனித்து நின்ற காலம்

1931இல் நிலை மாறிற்று. இந்திய மாதர் சங்கம், அகில இந்திய மாதர் மாநாடு, இந்திய மாதர் தேசியப் பேரவை ஆகிய மூன்று அமைப்புகளும் ஒன்றுகூடி, வயதுவந்தோர் வாக்குரிமையே வேண்டும், ஒதுக்கீடு எவ்வடிவிலும் வேண்டா என்று அறிவித்தன. சலுகை பெற்று நுழைவது பெண்ணின் தகுதிக்கு இழுக்கு, இந்தியரைக் கூறுகூறாகப் பிரிக்கும் ஆட்சியாளர் சூழ்ச்சிக்குப் பெண்களும் இரையாதல் ஆகாது என்பன அவர்களின் வாதங்கள். முன்பு நியமனத்தால் மன்றம் புகுந்த முத்துலட்சுமி ரெட்டியும் இக்கருத்தினராக நின்றார். வட்டமேசையில் உடனிருந்த பேகம் ஷா நவாசும், இரண்டாம் மாநாட்டில் சரோஜினி நாயுடுவோடு இணைந்து இக்கோரிக்கையையே முன்வைத்தார். இராதாபாய் மட்டும் தம் கருத்தினின்று விலகவில்லை.

அடுத்து அமைந்த லோதியன் வாக்குரிமைக் குழுவில் இந்தியப் பெண் உறுப்பினர் அவர் ஒருவரே. அக்குழு 1932இல் இந்தியாவெங்கும் பயணம் செய்து சான்றுகளைக் கேட்டது. எழுத்தறிவையும், சொத்துடையவரின் மனைவி என்னும் நிலையையும் பெண்ணின் வாக்குத் தகுதிகளாகக் கொள்ளுதல் பெரிதும் விவாதிக்கப்பட்டது. கணவன் வழியாக வாக்குப் பெறுவது பெண்ணுக்கு இழிவு என்று பலர் சினந்தனர். அவர்கள் கூற்று கொள்கையளவில் முற்றும் சரியானது. ஆனால், அவ்வழியையும் அடைத்துவிட்டால் இலட்சக்கணக்கான பெண்கள் வாக்குச்சாவடியைக் காணவே இயலாது என்பதும் உண்மையே.

முடிவில் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணச் சட்டமன்றங்களில் பெண்களுக்கு 41 இடங்களை ஒதுக்கிற்று. சென்னைக்குரிய 215 இடங்களில் 8 பெண்களுக்கானவை. ஆனால் அவ்விடங்கள் வகுப்புவாரியாகப் பிரிக்கப்பட்டன. மாதர் அமைப்புகள் அஞ்சிய பிரிவினை இவ்வாறு நேர்ந்தே விட்டது. வாக்குரிமை பெற்ற பெண்களின் தொகையோ சில இலட்சங்களிலிருந்து 60 இலட்சமாக உயர்ந்தது.

1937ஆம் ஆண்டுத் தேர்தல் இவ்வழக்குக்கு ஒரு தீர்ப்பாக அமைந்தது. நாடெங்கும் சட்டமன்றங்களுக்குச் சென்ற பெண்கள் 56 பேர். அவருள் 41 பேர் ஒதுக்கப்பட்ட இடங்களின் வழியாகவும், 5 பேர் நியமனத்தின் வழியாகவும் சென்றனர். பொது இடங்களில் வென்றோர் 10 பேரே. ஒதுக்கீட்டை எதிர்த்த அமைப்புகளைச் சேர்ந்த பெண்டிரும் ஒதுக்கப்பட்ட இடங்களில் நிற்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

பொது இடத்தில் வெற்றி

இங்கே ஒரு முரண் நோக்கற்குரியது. ஒதுக்கீட்டிற்காக வாதாடிய இராதாபாய், தமக்கென்று வந்தபோது பொது இடத்தையே நாடினார். 1937இல் பொதுத் தொகுதி ஒன்றில் காங்கிரசு சார்பில் நிற்க விரும்பினார், அது கைகூடவில்லை. பெண்ணுக்குத்தான் தனி இடம் உண்டே, பொது இடம் எதற்கு என்னும் எண்ணம் கட்சிகளிடையே வேர்விடத் தொடங்கிய காலம் அது. ஊன்றுகோலாக அவர் கேட்டது, பிறர் கையில் வேலியாக மாறிற்று. அவ்வேலி முதலில் தடுத்தது அவரையே.

எனினும் 1938ஆம் ஆண்டு நடுவண் சட்டமன்றத்தின் மேலவையாகிய கவுன்சில் ஆஃப் ஸ்டேட்டிற்குப் பொது இடத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வவையின் முதற்பெண் உறுப்பினர் அவரே. தமிழகத்தின் ஒரு சிற்றூரைத் தம் புகுந்த ஊராகக் கொண்ட பெண்மணி தில்லி மேலவையில் அமர்ந்த அந்நாள், இப்பகுதியினர் நினைவில் கொள்ளத்தக்க நாளாகும்.

விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட அரசமைப்புச் சட்டம் அவர் விரும்பிய இலக்கை எய்திற்று. வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்கு வந்தது. பெண்களுக்கான ஒதுக்கீடு கைவிடப்பட்டது. அரசியல் நிர்ணய சபையிலிருந்த பெண்டிரும் அதனைக் கேட்கவில்லை. முதற் பொதுத்தேர்தலில், தம் பெயரைச் சொல்லாது இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவு செய்துகொண்ட ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். இவர்களுள் பெரும்பாலோர் வடமாநிலத்தவர். 1952இல் அமைந்த மக்களவையில் பெண்கள் நூற்றுக்கு ஐவர் என்ற அளவையும் எட்டவில்லை. சட்டம் சமமாக்கிய பின்னும் வாயில் குறுகியே இருந்தது.

1957இல் மகள் பார்வதி கிருஷ்ணன் கோயம்புத்தூர்த் தொகுதியில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளராக நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சொத்தும் படிப்பும் கேட்கப்படாத ஆண், பெண் அனைவரும் வாக்களித்த தேர்தல் அது. தாய் வட்டமேசையில் கேட்டது மகளின் காலத்தில் நிறைவேறியது. அதனைக் காணத் தாய் உயிரோடிருந்தார். 1960ஆம் ஆண்டு இராதாபாய் மறைந்தார்.

நமக்கு அவர் விட்டுச்சென்ற வினா

அம்மையாரைக் குறையற்றவர் என்று நிறுவுவது என் நோக்கமன்று. அவர் செல்வக் குடியினர். அரசின் நியமனத்தால் மேடை பெற்றவர். சிறை சென்ற பெண்களின் ஈகம் அவர் வாழ்வில் இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்போல ஊர் ஊராக நடந்து இழிமொழி கேட்டவரும் அல்லர். ஆயினும், தம் தோழியர் அனைவரும் ஒருபுறம் நிற்க, தாம் உண்மையென்று கண்டதைத் தனித்து நின்று கூறும் துணிவு அவரிடம் இருந்தது. கொள்கையின் தூய்மையைக் காட்டிலும் பெண்ணொருத்தி அவைக்குள் நுழைவதே முதற்கண் வேண்டுவது என்று அவர் எண்ணினார். முத்துலட்சுமி முதலானோர் பெண்ணின் தன்மானத்தை முன்வைத்தனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

அவர் கேட்ட ஒதுக்கீடு அறுபது ஆண்டுகள் கழித்து ஊராட்சிகளுக்கு வந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு உரியதாக்கிற்று. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996இல் தேர்தல் நடந்தது. 2016இல் அப்பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு வழங்கும் திருத்தம் 2023இல் நிறைவேறிற்று. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிற்கும் தொகுதி வரையறைக்கும் பின்னரே அது நடைமுறைக்கு வரும் என அத்திருத்தமே விதித்தது.

நம் வாழவந்தி நாடு முதலாகக் கொல்லிமலையின் 14 நாடுகளும் இன்று ஊராட்சிகள். நாட்டார், ஊர்க்கவுண்டர் என ஆடவரே கூடிப் பேசிய மரபுடைய மலையில், சட்டத்தால் பெண்ணுக்கு ஓரிருக்கை கிடைத்திருப்பது பெருமாற்றம். ஆயினும் உள்ளாட்சிகளில் தமிழகமெங்கும் கேட்கும் குறை ஒன்றுண்டு: இருக்கை மனைவிக்கு, முடிவு கணவனுக்கு. 1932இல் கணவன் சொத்தின் வழியே வாக்குப் பெற்ற பெண்ணை நோக்கி எழுந்த அதே ஐயம், இன்று கணவன் கையெழுத்தின் வழியே ஆளப்படும் பெண்ணை நோக்கி எழுகிறது. இதற்கு ஒதுக்கீட்டைக் குறைகூறுதல் தீர்வாகாது. இருக்கையில் அமர்ந்தவள் ஊராட்சியின் வரவு செலவைத் தானே படித்து, தீர்மானத்தைத் தானே எழுதி, எதிர்ப்புரையைத் தானே எதிர்கொள்ளும் கல்வியும் துணிவும் பெறுதலே தீர்வு.

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் இதுவரை கொல்லிப்பாவையைப் பலமுறை பாடியிருக்கிறது. இனிவரும் ஆண்டுகளில் மலைநாட்டுப் பெண்கள் இம்மேடையேறித் தம் ஊரின் நீரையும் சாலையையும் பள்ளியையும் பற்றிப் பேசட்டும். நாம் அமர்ந்து கேட்போம். குமாரமங்கலத்து அம்மையாருக்கு இம்மலை செலுத்தக்கூடிய நன்றி அதுவே.