இலவசக் கல்வியின் தந்தை கன்னங்கரா

வறிய வீட்டுப் பிள்ளையும் கட்டணக் கவலையின்றிப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெறலாம் என்ற நிலையை இலங்கையில் உண்டாக்கிய பெருமகன் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள்.

1884 ஒக்ரோபர் 13 இல் அம்பலாங்கொடையை அடுத்த றந்தொம்பையில் பிறந்த அன்னார், அவ்வூர்ப்பக்க வெஸ்லியன் பாடசாலையிலே கற்றார். பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்த காலி றிச்மன்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார், ஒரே சிறுவன் திரும்பத் திரும்ப மேடைக்கு வருவதைக் கண்டு, இத்தனை பரிசையும் ஏற்றிச்செல்ல மாட்டு வண்டிதான் வேண்டும் என வேடிக்கையாகச் சொன்னாராம். அத்தோடு நில்லாமல், றிச்மன்டிலே புலமைப்பரிசிலுடன் கற்கவும் வழிசெய்தார். கன்னங்கரா அதனைக் கடைசிவரை மறக்கவில்லை என்றே அவரது பிற்காலப் பணி காட்டுகிறது.

ஆசிரியராயிருந்து, பின் சட்டம் பயின்று 1910 இல் வழக்கறிஞரானார். 1931 இல் அரசாங்க சபையின் முதற் கல்வி அமைச்சரானார்.

அக்காலத்தில் சுயமொழிப் பாடசாலையில் கட்டணமில்லை. ஆனால் அங்கு கற்றவனுக்கு உயர்கல்வியின் வாயில் திறவாது. திறக்கும் ஆங்கிலப் பாடசாலையோ பணமுள்ளவர்க்கே. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதுமா? கிராமத்துப் பிள்ளைக்கு அருகில் நல்ல பாடசாலையே இல்லையே! ஆகவே கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகளை விடுதிகளோடு நிறுவினார். ஐந்தாம் வகுப்பிலே திறமையுடையோரைத் தெரிந்தெடுத்து, உணவும் உறைவிடமும் அளித்தார். பசித்த பிள்ளை இடைநடுவில் படிப்பை விட்டுவிடும் என்பது அவர் அறிந்ததே.

அவரது தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. கூலி வேலைக்கு ஆள் கிடையாமற் போகும் என வசதிபடைத்த சிலர் அஞ்சினர். எதிர்ப்பைக் கடந்து, 1945 ஒக்ரோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

குறையொன்றும் சொல்லத்தான் வேண்டும். தோட்டப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு இப்பயன் உரிய காலத்திற் கிட்டவில்லை. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான்.

நாட்டுக்குக் கல்வி தந்தவரை 1947 தேர்தலில் மத்துகம வாக்காளர் தோற்கடித்தனர். 1952 இல் அகலவத்தைத் தொகுதி அவரைத் தெரிவுசெய்தது. 1969 செப்டெம்பர் 23 இல் அமரரானார். அவர் தொடங்கிய வரிசையில் எழுந்த வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்திலேயே 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாகி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.