கணவர் தந்த நோய். கடைசிவரை தொடர்ந்த பயம்

டென்மார்க் நாட்டின் 50 குரோனர் நோட்டில் ஒரு காலத்தில் ஒரு பெண்மணியின் படம் அச்சிடப்பட்டிருந்தது. அவர்தான் காரன் பிளிக்சன். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்.

1885-ம் ஆண்டு ருங்ஸ்டெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். பத்து வயது நிறையுமுன்பே தந்தை தூக்கு மாட்டி இறந்தார். அவருக்கு மேகநோய் இருந்ததாக ஒரு பேச்சு உண்டு.

கல்யாணம்

சுவீடன் நாட்டுப் பிரபுவான பிரோர் பிளிக்சனை, 1914 ஜனவரி 14-ல் ஆப்பிரிக்காவின் மொம்பாசா துறைமுகத்தில் மணந்தார். நைரோபி அருகே காப்பித் தோட்டம் போட்டார்கள். பிரபுவுக்குத் தோட்டத்தில் மனம் இல்லை. வேட்டைக்குப் போவார், பிற பெண்களிடமும் போவார்.

ஓராண்டு சென்றது. காரன் உடல் நலிந்து டாக்டரிடம் போனார். வந்திருப்பது "சிபிலிஸ்" என்ற மேகநோய் என்று தெரிந்தது. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை!

அக்காலத்தில் பெனிசிலின் கிடையாது. பாதரச மாத்திரை கொடுத்தார்கள். அது நோயைப்போலவே உடம்பைக் கெடுக்கும். 1915-ல் உலகப் போருக்கு நடுவே கப்பலேறி டென்மார்க் போனார். கோபன்ஹேகன் ஆஸ்பத்திரியில் சால்வர்சான் ஊசி போட்டார்கள். அது ஆர்சனிக் பாஷாணத்தில் செய்த மருந்து.

வியப்பு என்னவென்றால், அவர் கணவரிடமே திரும்பிப் போனார். 1921-ல் இருவரும் பிரிந்தார்கள், 1925-ல் விவாகரத்து. அதைக் கேட்டவர் கணவர்தான்!

தீராத கவலை

பின்னாளில் நடந்த சோதனைகளில் நோய் தங்கியிருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் கவலை போகவில்லை. வயிற்றில் வலி வந்தால் அந்த நோய். நடை தள்ளாடினால் அந்த நோய். டாக்டர்கள் சிலரும் அப்படியே எண்ணி, வலி தீர முதுகுத்தண்டு நரம்புகளை அறுத்தனர். பாதரசமும் ஆர்சனிக்கும்தான் அவர் உடலைக் கெடுத்திருக்கக்கூடும் என்று 1995-ல் டென்மார்க் டாக்டர் ஒருவர் எழுதினார்.

இன்று இதே சந்தேகம் வரும் பெண்ணுக்கு இத்தனை பாடு இல்லை. ரத்தம் சோதித்தால் தெரியும். தொற்றிய உடனே தெரியாது. ஆகவே, டாக்டர் சொல்லும் நாளில் மீண்டும் சோதிக்க வேண்டும். ஆரம்ப நோய் பெனிசிலின் ஊசியில் குணமாகிவிடும். சோதனைக்குப் போக வெட்கப்படுவதுதான் ஆபத்து.

1931-ல் தோட்டம் கைவிட்டுப் போனது. ஊர் திரும்பிய காரன் பேனாவைப் பிடித்தார். ஆப்பிரிக்க வாழ்வைச் சொல்லும் "அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா" 1937-ல் வெளிவந்து பெரும் புகழ் தந்தது. 1985-ல் அது சினிமாவாகவும் வந்தது. அந்தப் புத்தகத்தில் கணவரைப் பற்றி அதிகம் இல்லை. நோயைப் பற்றிப் பேச்சே இல்லை.

பின்னாளில் குடல் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தார்கள். அதன்பின் சரியாகச் சாப்பிட முடியவில்லை. எலும்பும் தோலுமாக மெலிந்து, 1962 செப்டம்பர் 7-ல் பிறந்த வீட்டிலேயே காலமானார். வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெரிய மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.