மரணத்தையும் கணக்கெழுதிய மருத்துவர்

மூளையில் கட்டி என்றாலே சாவுதான் என்று மருத்துவர்களே கைவிட்ட காலம் ஒன்றிருந்தது. அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் ஹார்வி குஷிங்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், மருத்துவர் குடும்பத்தில் 1869 ஏப்ரல் 8-ஆம் நாள் பிறந்தார். ஹார்வர்டில் மருத்துவம் பயின்றபோது, இவர் ஈதர் கொடுத்து மயக்கிய நோயாளி ஒருவர் இறந்துவிட்டார். மனமுடைந்து படிப்பையே விட்டுவிட எண்ணினார் குஷிங். எனினும் தளர்ந்துவிடவில்லை. உடன் பயின்ற காட்மனுடன் சேர்ந்து, அறுவையின்போது நோயாளியின் நாடியையும் மூச்சையும் தொடர்ந்து குறிக்கும் அட்டவணையை உருவாக்கினார். 1901-இல் இத்தாலியின் பவியா நகரில் கண்ட இரத்த அழுத்தமானியை அமெரிக்காவில் பரப்பினார்.

மூளை அறுவையில் பெரும் பகை இரத்தப்போக்கு. அதை அடக்க 1911-இல் வெள்ளிக் கவ்விகளைப் புகுத்தினார். 1926-இல் இயற்பியலாளர் போவி அமைத்த மின் கருவியைக் கையாண்டார்.

இவற்றினும் பெரிது அவருடைய கணக்கேடு. லூயிஸ் ஐசன்ஹார்ட் என்னும் பெண் மருத்துவர் அதைப் பேணிவந்தார். 1931-இல் உறுதி செய்யப்பட்ட கட்டிகள் 2,000 ஆயின. எவ்வகைக் கட்டிக்கு எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்பதை மறைக்காமல் 1932-இல் நூலாக வெளியிட்டார். தோல்வியை எழுதி வைத்ததால்தான் அடுத்த நோயாளியைக் காக்கும் வழி புலப்பட்டது.

1939 அக்டோபர் 7-ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் சேர்த்த கட்டி மாதிரிகள் யேல் பல்கலைக்கழகத்தில் இன்றும் உள்ளன.

ஆய்வுக்கூடத்தில் நாமும், வந்த விடையை வந்தபடியே எழுதுவோம். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.