காளான் உலர்த்திய கிழவரும் ஞானி டோகெனும்



ஞானம் என்றவுடன் நமக்குக் காடும் குகையும் தாடியும்தான் நினைவுக்கு வருகின்றன. வேலை வெட்டியை விட்டுவிட்டுப் போனால்தான் அது கிடைக்குமாம்! ஜப்பானிய ஞானி டோகெனும் இளமையில் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தார். அவருடைய கண்ணைத் திறந்தவர்கள் இரண்டு சமையற்காரக் கிழவர்கள்.

டோகென் 1200-ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, 1213-இல் துறவியானார். எல்லாருக்குள்ளும் புத்தரின் தன்மை இருக்கிறதென்றால், பிறகு எதற்குப் பாடுபட்டுத் தவம் செய்ய வேண்டும்? இந்தச் சந்தேகம் தீராமல் 1223-இல் சீனாவுக்குக் கப்பலேறினார். தியானம் என்று நாம் சொல்கிறோமே, அந்த வடசொல்தான் சீனாவில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆயிற்று.

கப்பல் துறைமுகத்தில் நின்றபோது, காளான் வாங்க ஒரு கிழவர் வந்தார். வயது 61. மடத்துச் சமையற்காரத் துறவி. ஏறக்குறைய 12 கட்டை தூரம் நடந்தே வந்திருக்கிறார்! இரவு தங்கிப் போகும்படி டோகென் கேட்டும் அவர் இணங்கவில்லை. மறுநாள் சமையல் கெட்டுவிடுமாம். இந்த வயதில் தியானம் செய்யாமல் அடுப்படியில் என்ன வேலை என்று டோகென் கேட்டார். கிழவர் சிரித்துவிட்டார். தவம் இன்னதென்று தம்பிக்கு இன்னும் புரியவில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பிறகு தியான்துங் மலை மடம். உச்சி வெயில். தரை நெருப்பாய்ச் சுடுகிறது. வில்லாக வளைந்த முதுகோடு, தலையில் தொப்பிகூட இல்லாமல், 68 வயதுச் சமையற்காரர் வேர்க்க விறுவிறுக்கக் காளான் உலர்த்துகிறார். ஆளை வைத்துச் செய்யலாமே என்றார் டோகென். பிறர் செய்தால் அது தாம் செய்ததாகாது என்றார் கிழவர். வெயில் தாழட்டுமே என்றதற்கு, இப்போது செய்யாமல் வேறு எப்போது செய்வது என்று திருப்பிக் கேட்டார். டோகெனுக்குப் பேச்சு வரவில்லை.

இதை வைத்து, கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இரு என்று யாராவது நமக்கு உபதேசம் செய்தால் நம்பாதீர்கள். அந்தக் கிழவர் வெயிலில் நின்றது யாருக்கும் பயந்து அல்ல. அவராக எடுத்துக்கொண்ட வேலை அது.

தியானத்தின் முடிவில் கிடைக்கும் பரிசல்ல ஞானம்; தியானம் செய்வதே ஞானம் என்று டோகெனுக்குத் தெளிந்தது. 1227-இல் நாடு திரும்பினார். 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரிசியைத் தாமே களைய வேண்டும், கல்லும் மண்ணும் பார்க்க வேண்டும், ஒரு மணி அரிசிகூட வீணாகக் கூடாது, கரண்டியையும் பானையையும் கழுவி அதனதன் இடத்தில் வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நம் வீட்டுத் தாய்மார்கள் தினமும் செய்வதுதானே!

1244-இல் மலைநாட்டில் அவர் தொடங்கிய மடம், எய்ஹெய்ஜி என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. 1253-இல் டோகென் காலமானார். மடத்தின் ஆறு பெரிய பொறுப்புகளில் சமையலும் ஒன்று.