பழியைத் துறவாத அருணகிரியார்

அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டினர். நம் வேங்கிக்காலை அடுத்த திருவண்ணாமலையில் இளமையைப் பரத்தையரிடம் தொலைத்து, நாணி, வல்லாள கோபுரத்தினின்றும் வீழ்ந்தவரை முருகன் தாங்கினான் என்பது செவிவழி வரலாறு.

இங்குக் கிரேக்க நாடகமொன்று நினைவில் எழுகிறது. சோபக்ளிசின் ஈடிபஸ் அறியாது தந்தையைக் கொன்றவன். கேடு சூழ்ந்தது அப்பல்லோ தெய்வமாயினும், தன் கண்ணைக் குத்திய கை தனதே என்று ஏற்றவன். அருணகிரியாருக்கோ தெய்வம் கேடு சூழவில்லை, மீட்டது. மீண்டவர் பழையதை மறப்பது எளிது. அவர் மறந்தாரல்லர். கிடைத்துள்ள ஏறத்தாழ 1300 திருப்புகழ்ப் பாடல்களுள் பல, காம மயக்கைத் தம்மேல் ஏற்றியே தொடங்குகின்றன. அருளை வேண்டுவது அதன் பிறகுதான். பிறர் குற்றத்தைத் தமதாகப் பாடினார் என்பாரும் உளர். அங்ஙனமாயின் அச்சுமை இன்னும் பெரிது.

பிரபுடதேவராயன் அவையில் சம்பந்தாண்டானோடு நிகழ்ந்த போட்டியும், பின்னர் அவர் கிளியுருக் கொண்டதும் கோயிற்கதைகள்; கிளிகோபுரம் அக்கதையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.