கயிற்றுக் கட்டிலோடு மரமேறிய வேட்டைக்காரர்: யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

பாகூர் பக்கம் காலையில் பைக்கில் போனால், கள் இறக்குபவர் பனையில் ஏறுவதைப் பார்க்கலாம். காலுக்கு ஒரு தளை, இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றிய ஒரு கயிறு, இடுப்பில் தொங்கும் அரிவாளும் கலயமும். அவ்வளவுதான் சாமான். அதற்கு மேல் ஒரு பொருள் கூடினாலும் ஏறும்போது அவருக்குத்தான் பாரம்.

இப்போது போனைத் திறந்தால் வேறொரு உலகம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் முதுகுப்பையில் மடக்கும் ஏணித் துண்டுகள், இடுப்பில் மாட்டும் 'சேடில்', கால் வைக்கக் கையகலத் தட்டு ஆகியவற்றோடு காட்டுக்குள் நடந்துபோய், பிடித்த மரத்தில் ஏறி உட்காரும் ரீல்ஸ் வரிசையாக வருகின்றன. எது லைட், எது ஸ்ட்ராங், எதை வாங்கலாம் என்று கமெண்டில் சண்டையே நடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புதுச்சேரிக்கும் பொருந்தும். ஆனால் 'எதை எடுத்துக்கொண்டு மரம் ஏறுவது, எதைக் கீழேயே விட்டுவிடுவது' என்ற கேள்வி பழசு. நம் ஊர்க் காடுகளில் அந்தக் கேள்வியோடு பல வருடங்கள் அலைந்த ஒருவரின் கதைதான் இது.

யார் இவர்?

கென்னத் ஆண்டர்சன் 1910 மார்ச் 8-ம் தேதி, ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தார். பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிக் குடும்பம். படித்தது பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும். சட்டம் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அது ஒத்துவரவில்லை, பாதியில் திரும்பிவிட்டார். பிறகு தபால் தந்தித் துறையில் வேலை. அடுத்து பெங்களூரு விமானத் தொழிற்சாலை. இன்று எச்.ஏ.எல் என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

ஆக, அவர் முழுநேர வேட்டைக்காரர் அல்ல, மாதச் சம்பளக்காரர். லீவு கிடைத்தால் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் எனக் காவிரிக்கரைக் காடுகள்தான் அவருக்கு அடிக்கடி போகும் இடம். இவை இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருக்கின்றன. அன்று எல்லாமே சேலம் ஜில்லா. தமிழும் கன்னடமும் பேசுவார்.

1939 முதல் 1966 வரை, ஆட்கொல்லிகளாக அறியப்பட்ட 8 சிறுத்தைகளையும் 7 புலிகளையும் அவர் சுட்டதாக அரசுப் பதிவுகளைக் காட்டிச் சொல்லப்படுகிறது. இந்த அனுபவங்களை எழுதிய முதல் புத்தகம் 1954-ல் வந்தது. அதற்குப் பிறகும் வரிசையாக எழுதினார். அவர் சொன்ன ஒவ்வொரு சம்பவமும் அப்படியே நடந்ததா என்று வாசகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். பல சம்பவங்களுக்கு அவரே ஒரே சாட்சி என்பதால் அந்த விவாதம் முடியப்போவதில்லை.

ஏன் மரம் ஏற வேண்டும்?

ஆட்கொல்லியைத் தேடிக் காடு முழுக்க நடப்பதைவிட, அது திரும்பி வரும் இடத்தில் காத்திருப்பது சுலபம். அடித்த இரையை மிச்சம் தின்ன அது மறுபடி வரலாம். கட்டிவைத்த மாட்டைத் தேடியும் வரலாம். அந்த இடத்துக்குப் பக்கத்து மரத்தில், மாலையில் ஏறி விடியும்வரை உட்கார வேண்டும்.

இப்படி உட்காரும் மேடையை வடக்கே 'மச்சான்' என்பார்கள். நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு, சிரிக்காதீர்கள். நம் சொல் பரண். தினைப்புனம் காக்கும் பெண்கள் உட்கார்ந்த இதணம் சங்க இலக்கியத்திலேயே உண்டு. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து இரவுக் காவல் இருக்கும் மலையோர விவசாயிக்கு அது இன்றைக்கும் தேவைப்படுகிறது.

உயரத்தால் என்ன லாபம்? புலி பெரும்பாலும் தலைக்கு மேலே பார்ப்பதில்லை. அதன் மோப்பசக்தியை ஆண்டர்சன் பெரிதாக மதித்ததில்லை. அவர் பயந்தது அதன் கண்ணுக்கும் காதுக்கும்தான். ஒரு சின்ன அசைவு, ஒரு 'கிரீச்' சத்தம் போதும், வந்த புலி வந்த வழியே போய்விடும். சிறுத்தை என்றால் இன்னும் சிக்கல். அதற்கு மரம் ஏறத் தெரியும்.

கட்டில் எப்படி பரண் ஆனது?

இங்கேதான் கியர் விஷயம் வருகிறது. மரக்கொம்புகளை வெட்டிப் பரண் கட்டினால் மூன்று பிரச்சினை. வெட்டும் சத்தம் காடு முழுக்கக் கேட்கும். கட்டவே அரை நாள் ஓடிவிடும். கட்டி முடித்தாலும், கட்டையும் கட்டையும் உரசி ராத்திரி முழுக்க முனகும்.

ஆண்டர்சன் பிடித்துக்கொண்ட வழி, கயிற்றுக் கட்டில். தூக்கிக்கொண்டு போகிற மாதிரி கட்டில் பாணியில் ஒரு பரணை வைத்திருந்தார். மரத்தின் கவையில் ஏற்றி, கிளைகளோடு இறுக்கிக் கட்டி, சுற்றிலும் தழைகளைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது.

யோசித்துப் பார்த்தால் இது ரொம்ப புத்திசாலித்தனமான தேர்வு. சட்டம் மட்டும்தான் மரம், நடுவில் எல்லாம் பின்னல். அதனால் எடை குறைவு. பின்னல் உடம்புக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும், பலகை மாதிரி இடுப்பை வலிக்கவைக்காது. வலி இல்லை என்றால் அசைவு இல்லை. அசைவு இல்லை என்றால் சத்தமும் இல்லை. இன்றைய சேடில் கம்பெனிகள் விளம்பரத்தில் சொல்லும் லாஜிக்கும் இதுதான்.

பையில் என்ன இருந்தது?

துப்பாக்கி, .405 வின்செஸ்டர். அதோடு சேர்ந்த டார்ச், இன்னொரு உபரி டார்ச், தண்ணீர், ஃபிளாஸ்கில் டீ, கொஞ்சம் தின்பண்டம், குளிருக்குப் போர்வை. பைப் பிடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு.

இந்த லிஸ்டில் அநாவசியம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். டீ எதற்கு? தூக்கம் வராமல் இருக்க. போர்வை எதற்கு? நடுங்கினால் பரணும் சேர்ந்து நடுங்கும். உபரி டார்ச் எதற்கு? அமாவாசை இருட்டில் முதல் டார்ச் எரியாமல் போனால், கீழே நிற்பது யார் என்றே தெரியாது. எடையைக் குறைப்பது என்றால் எல்லாவற்றையும் தூக்கிப்போடுவது அல்ல. ஒவ்வொரு பொருளும் எதற்காக வருகிறது என்று பதில் சொல்ல வேண்டும்.

இதே காலத்து இன்னொரு பெயர், குமாவூனின் ஜிம் கார்பெட். அவர் இன்னும் சிக்கனம். பல நேரம் பரணே கிடையாது, வெறும் கிளையில் உட்கார்ந்துவிடுவார். 1910-ல் பனார் சிறுத்தைக்காகச் சாய்ந்த மரம் ஒன்றில் உட்கார்ந்தபோது, அடிமரத்தைச் சுற்றி முள் கிளைகளைக் கட்டச் சொன்னார். ராத்திரி சிறுத்தை வந்து, கீழே இருந்து அந்த முள்ளையே பிடித்து இழுத்தது. அந்தக் கட்டு மட்டும் அவிழ்ந்திருந்தால் கார்பெட்டின் கதை அன்றே முடிந்திருக்கும். எவ்வளவு லைட்டாகப் போனாலும் விடக்கூடாத ஒரு பொருள் எப்போதும் இருக்கும்.

கருவி கைகொடுக்காத இடங்கள்

கும்மளாபுரம் சிறுத்தை விவகாரத்தில் ஆண்டர்சன் சொல்லும் கணக்கு, சுமார் 250 சதுர மைல் வட்டாரத்தில் 42 பேர் பலி. பொழுது சாய்ந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். கூரையையும் தட்டியையும் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும் சிறுத்தை அது. அந்தக் காலத்து மண் குடிசையில் 'கதவைச் சாத்துவது' என்பது பெரிய பாதுகாப்பும் இல்லை. ஒருவர் விறகுக்குப் போக முடியாது, மாடு மேய்க்க முடியாது, ராத்திரி வெளிக்குப் போக முடியாது. வேட்டை என்பது அந்த ஊருக்குப் பொழுதுபோக்கு அல்ல, வாழ்வா சாவா பிரச்சினை.

அங்கே அவரைக் காத்தது பரணோ துப்பாக்கியோ அல்ல. இருட்டில் சிறுத்தை நெருங்குவதை முதலில் உணர்ந்து உறுமியது ஒரு தெருநாய். அதற்கு நிப்பர் என்று பெயர் வைத்து, தன்னோடு வைத்துக்கொண்டார்.

ஜவளகிரி பெண்புலியும் அப்படித்தான். துணையை இழந்த அந்தப் புலியை, ஆண்புலி போலத் தானே குரல் கொடுத்து வரவழைத்துச் சுட்டதாக எழுதுகிறார். அந்தக் குரல் எந்தக் கடையிலும் கிடைக்காது. காட்டில் பல ராத்திரிகள் காது கொடுத்துக் கேட்டவருக்குத்தான் வரும்.

பாரத்தைச் சுமந்தவர்கள் யார்?

அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் முத்தூர் பக்கம் சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பைரா பூசாரி. இன்னொருவர் பென்னாகரம் வட்டாரத்து ரங்கா. எந்த மரம், காற்று எந்தப் பக்கம், புலி எந்த ஓடை வழியாக வரும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. பரண் கட்ட மரம் ஏறியதும், சாமான்களைச் சுமந்ததும், விடியற்காலையில் அவரைத் தேடி ஆட்கொல்லி உலவும் காட்டுக்குள் திரும்பி வந்ததும் உள்ளூர் ஆட்கள்தான்.

இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். பரணில் இருப்பவருக்கு உயரமும் துப்பாக்கியும் உண்டு. அவரை ஏற்றிவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பும் நாலு பேருக்கு என்ன உண்டு? கையில் ஒரு தடி, கூட்டமாகப் பேசிக்கொண்டே போகும் தைரியம். ஆண்டர்சன் 'லைட்டாக'ப் போனார் என்றால், பாதி எடையை வேறொருவர் முதுகு தாங்கியது என்று அர்த்தம். பைராவையும் ரங்காவையும் பெயர் சொல்லி எழுதினார் என்பது அவர் பக்கம் நிற்கும் நல்ல விஷயம். அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைப் புத்தகங்கள் பலவற்றில் இப்படிப்பட்டவர்களுக்குப் பெயரே இருக்காது.

கடைசியில் எதைக் கீழே வைத்தார்?

வயது ஏற ஏற, காடு சுருங்குவதும் விலங்குகள் குறைவதும் அவர் கண்முன்னே நடந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசவும் எழுதவும் ஆரம்பித்தார். கடைசி வருடங்களில் கையில் கேமரா வந்தது. அதே காடு, அதே காத்திருப்பு. சாமான் பட்டியலில் இருந்து விலகியது துப்பாக்கி.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு வருடம் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி பெங்களூருவில், 64 வயதில், புற்றுநோயால் ஆண்டர்சன் காலமானார். அவர் நடந்த அஞ்செட்டி, ஜவளகிரிக் காடுகள் 2022-ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வந்தன. இன்று ஓர் ஆட்கொல்லியை என்ன செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம்தான் இருக்கிறது. தனி ஆள் பரண் கட்டி உட்கார்ந்தால் அவரே குற்றவாளி.

சரி, நமக்கு என்ன?

வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். பாகூர் ஏரிக்கும் வலசைப் பறவைகள் வருகின்றன. கேமராவோடு போகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். கரையில் நின்றாலே பெரும்பாலான படம் கிடைத்துவிடும். வனத்துறை அனுமதியோடு, ஆய்வுக்கோ கணக்கெடுப்புக்கோ மரம் ஏற வேண்டியவர்கள் இவற்றைப் பார்த்து வாங்குங்கள்:

* எடையைக் கடைசியாகப் பாருங்கள். எவ்வளவு எடை தாங்கும் என்ற சான்று முதலில், உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பது அடுத்து.
* தரையை விட்டுக் கால் எடுக்கும்போதே மரத்தோடு கயிறு மாட்டியிருக்க வேண்டும். மேலே போய் மாட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் ஆபத்து. பனையேறுபவர் முதல் அடியிலேயே தளை போட்டுக்கொள்கிறார், பாருங்கள்.
* பையை முதுகில் மாட்டி ஏறாதீர்கள். ஏறி, கட்டிக்கொண்ட பிறகு தனிக் கயிற்றில் மேலே இழுங்கள்.
* பெல்ட்டில் அசையாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். கால் ஊன்ற ஒரு தட்டு வேண்டும்.
* உலோகமும் உலோகமும் மோதும் இடங்களில் துணி நாடா சுற்றுங்கள். சத்தம் கேட்டால் கூட்டில் இருக்கும் பறவை பறந்துவிடும், முட்டை வெயிலில் காயும்.
* எந்த மரம், எப்போது இறங்குவேன் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

கடைசிப் பாயின்ட்டுக்கு எடை எதுவும் இல்லை. ஆனால் விடியற்காலையில் பைராவோ ரங்காவோ தேடி வருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆண்டர்சன் அத்தனை ராத்திரியும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.